யானைத்தடத்தில் எரிந்த விளக்கு

ஊமைமலைக் காட்டில் குளம் வற்றிப்போனது. மிஞ்சியது பாறை இடுக்கில் ஒரே ஓர் ஊற்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் வைக்க முடியும். முதலில் குடிக்கும் கூட்டத்துக்குத் தெளிந்த நீர். கடைசியில் வரும் கூட்டத்துக்குச் சேறு.

அந்த முதல் வாய் யாருக்கு என்பதைக் கோடைதோறும் ஒரு சைக்கிள் பயணம் தீர்மானிக்கும். சூரியன் மறையும்போது ஊற்றடியிலிருந்து கிளம்ப வேண்டும். மலை உச்சியில் நிற்கும் வேங்கை மரத்தைச் சுற்றிவிட்டு, மறுநாள் சூரியன் தலைகாட்டும் முன் திரும்பி வந்து ஊற்றடியில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும்; முதலில் அடிப்பவரின் கூட்டத்துக்கே முதல் வாய். அப்போது சைக்கிள் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைந்த விளக்கோடு வந்தால் செல்லாது.

விளக்கில் ஏன் இத்தனை கண்டிப்பு? வழியில் யானைத்தடம் குறுக்கிடுகிறது. விடியற்காலையில் யானைகள் அதில் நடக்கும். வெளிச்சத்தைக் கண்டால் நிற்கும். இருட்டில் கிடப்பது கல்லா, உயிரா என்று குனிந்து பார்க்காது. போன வருடம் ஒரு காட்டுப்பன்றி அங்கேதான் நசுங்கிச் செத்தது.

அந்தப் பயத்தில் இந்த வருடம் இரண்டே பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்று நரி. இன்னொன்று, முயலைவிடக் கொஞ்சமே பெரிய சருகுமான்.

"உனக்கெதுக்குத் தங்கச்சி இந்த வேலை?" என்று நரி சிரித்தது.

"போன கோடையில சேத்தைக் குடிச்சு என் ரெண்டு குட்டியும் போச்சு அண்ணே. இப்ப இருக்கிறது ஒண்ணே ஒண்ணு!"

நரி சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தது.

இரண்டும் விளக்கு வாங்க வௌவால் கடைக்குப் போயின. வௌவாலுக்கு விளக்கே வேண்டாம். தனக்குத் தேவைப்படாத பொருளை விற்பவனுக்கு வாய் நீளம்! மரப்பொந்தின் இருட்டில் தலைகீழாகத் தொங்கியபடி, அது ஒரு விளக்கை ஒரு நொடி போட்டு அணைத்தது. பொந்து முழுக்கப் பகலானது.

"ஐந்நூறு மின்மினி வெளிச்சம்! பன்னிரண்டு மணி நேரம் நிக்கும். பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க!"

"பக்கத்துல இருக்கிற சின்னது?" என்று சருகுமான் கேட்டது.

"அது நூறு மின்மினிதான். அதை யார் வாங்குறா?"

"எங்க ரெண்டு பேருக்கும் பெரிசையே குடு!" என்றது நரி.

அன்றிரவு சருகுமான் புதருக்குள் அந்த விளக்கை முழு வெளிச்சத்தில் ஏற்றிவைத்து, எதிரே கண்விழித்து உட்கார்ந்தது. மூன்று மணி நேரம் ஆனது. விளக்கு மங்கியது, சிமிட்டியது, அணைந்தது.

விடிந்ததும் கடைக்கு ஓடியது.

"பன்னிரண்டு மணி நேரம்னு சொன்னீங்களே!"

"அது ரொம்பக் குறைச்சு வச்சா. முழுசா வச்சா மூணுதான்."

"இதை அப்பவே ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே!" என்றது வௌவால்.

சருகுமான் அதைக் கொடுத்துவிட்டுச் சின்ன விளக்கை வாங்கிக்கொண்டது. மறுநாள் இரவும் தூக்கமில்லை. இந்த விளக்கு இரவு முழுக்க ஒரே சீராக எரிந்தது. சூரியன் மரங்களுக்கு மேலே வந்தபிறகுதான் அணைந்தது. சருகுமான் அதைப் பகல் முழுக்க வெயிலில் வைத்து மறுபடி சார்ஜ் ஏற்றியது. பிறகு நரியைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னது.

"ரெண்டு ராத்திரி தூங்காம உளர்றே! நான் காத்தாப் பறக்கிறவன். விளக்கைக் கொஞ்சம் குறைச்சு வச்சாப் போதும், பாதி ராத்திரியில திரும்பிடுவேன்!" என்றது நரி.

அமாவாசையன்று பயணம் தொடங்கியது. நரியின் விளக்கு காட்டையே வெளுத்தது. எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன. அந்த ஆரவாரத்துக்காகவே நரி வெளிச்சத்தைக் குறைக்காமல் போனது. சருகுமான் தன் சக்கரத்துக்கு முன்னால் தெரிந்த பத்தடிப் பாதையை மட்டும் பார்த்து மிதித்தது.

ஏற்றம் நரி நினைத்ததைவிட நீளம். பாதி ராத்திரியில் அது உச்சியைக்கூடத் தொடவில்லை. அதற்கு வெகு முன்பே விளக்கு மங்கியிருந்தது; அப்புறம்தான் அவசரமாகக் குறைத்து வைத்து, அணைத்து அணைத்துப் போட்டுத் தடவித் தடவிப் போனது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! இறக்கத்தில், சரியாக யானைத்தடத்தின் நடுவில், விளக்கு செத்தது. நரி தடுமாறி விழுந்தது. அதன் பின்கால் சைக்கிளுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது, இன்னும் பக்கத்தில்.

"யாராவது வாங்களேன்! வெளிச்சம் காட்டுங்களேன்!"

அந்த நேரத்தில்தான் சருகுமான் வளைவில் திரும்பி யானைத்தடத்துக்கு வந்தது. கிழக்கு லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. நிற்காமல் போனால் மணியடித்துவிடலாம். அதற்குத் தன் குட்டியின் வறண்ட நாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் நரியின் அலறலைத் தாண்டிப் போக அதற்குக் கால் வரவில்லை. சைக்கிளைத் திருப்பி, நரிக்கும் சத்தம் வந்த திசைக்கும் நடுவில் நிறுத்தியது.

வெளிச்சத்தில் முதலில் ஒரு தும்பிக்கை தெரிந்தது. பிறகு மலைபோல் ஒரு தாய் யானை, அதன் பின்னால் முழுக் கூட்டம்.

"எங்களுக்கும் தாகம், தூரத்து ஆத்துக்குப் போறோம். விளக்கு எரியிற வரைக்கும் நிப்போம். அணைஞ்சா நடப்போம்!" என்றது தாய் யானை.

நரி காலை இழுத்தது. வரவில்லை.

"தங்கச்சி, விளக்கு அணைஞ்சிடாதில்ல?"

"அணையாது அண்ணே!"

"உன்னோடது சின்ன விளக்காச்சே! எப்படித் தெரியும்?"

"உக்காந்து பாத்திருக்கேன். பொழுது விடிஞ்ச பிறகும் எரியும். நீங்க பதறாம கால உருவுங்க!"

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. நரிக்கும் கொஞ்சம் நிதானம் வந்தது. சைக்கிளை மெல்லச் சாய்த்து, தோல் கிழியக் காலை உருவியது. இரண்டும் ஒதுங்கின. யானைகள் பூமி அதிர நடந்து போயின.

"போ தங்கச்சி! எனக்காக நிக்காதே, போ!"

சருகுமான் மூச்சிரைக்க மிதித்தது. கிழக்கில் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஊற்றடி வந்ததும் சைக்கிளோடு போய் மணியில் மோதியது. கணீரென்றது! அதற்குப் பிறகுதான் முதல் கதிர் பாறையைத் தொட்டது.

"விளக்கு?" என்று கேட்டது நடுவரான இருவாச்சிப் பறவை.

"எரியுது!" என்று கூடியிருந்த விலங்குகள் கத்தின.

சருகுமான் குட்டி ஊற்றில் வாய் வைத்தது. நீர் கண்ணாடியாக இருந்தது. அது குடித்து முடிக்கும்வரை தாய் அசையவில்லை. பிறகு சக்கரத்தோரம் சாய்ந்து, மூன்று ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியது.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த நரி, அன்றே வௌவாலிடம் ஒரு சின்ன விளக்கு வாங்கியது. இரவு அதை ஏற்றிவைத்து, கட்டுப்போட்ட காலை நீட்டி, எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நொடி பளிச்சிடுவதைக் கண்டு மயங்காதே. தேவைப்படும் நேரம் முழுவதும் நிற்குமா என்று நீயே சோதித்ததை மட்டும் நம்பு.