பச்சை விளக்கும் ஒரு சாவியும்

ஆவுடையப்பன் அன்று வெறும் கேள்வியோடு வரவில்லை. ஒரு வழக்கோடு வந்திருந்தார்.

பாபநாசம் மலையடிவாரத்தில் கோமதி நடத்தும் தியானக்கூடத்துக்கு அவர் வருஷக்கணக்காக வந்துபோகிறவர். வயதில் கோமதியைவிட மூத்தவர்தான். ஆனாலும் குருவாக வரித்துக்கொண்டபின் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். திருநெல்வேலியில் அவருக்குக் குளிர்பதன வண்டிகள் ஓடுகின்றன. ஊசி மருந்துகளைக் கெட்டுப்போகாமல் ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில்.

கோமதி கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒரு பேரு கேக்காங்கம்மா,” என்றார் ஆவுடையப்பன், உட்காருவதற்கு முன்பே.

“யாரு?”

“ஆஸ்பத்திரியில. போன வாரம் மழையில எங்க வண்டி ஒண்ணு தரைப்பாலத்துல மாட்டிக்கிடுச்சு. மருந்து அத்தனையும் வீணாப் போச்சு. அந்த ஆஸ்பத்திரியில ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இன்சுலினுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. வேற ஊர்லருந்து வரவழைக்கதுக்குள்ள மயங்கிட்டா. பிழைச்சுக்கிட்டா, தெய்வம் காப்பாத்திச்சு. ஆனா இதுக்கு யாரு பொறுப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதாங்க.”

“யாரு பொறுப்பு?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவர் கம்பெனியில் ஒரு ஏஐ ஏஜென்ட் வேலை பார்க்கிறது. ஆஸ்பத்திரிகளின் ஆர்டரை வாங்குவது, வண்டியை ஒதுக்குவது, எந்த வழியில் போக வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்வது, எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் மனிதக் கண் படாமல் ஒரு வண்டியும் கிளம்பக்கூடாது என்று ஆவுடையப்பன் ஒரு விதி வைத்திருந்தார். ஜெனோவா என்கிற பெண் ஒவ்வொரு பயணத்தையும் திரையில் பார்த்து ‘சரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் வண்டி நகரும்.

அந்தப் பயணத்துக்கும் அழுத்தியிருந்தாள்.

“ஏஜென்ட்டைக் கேட்டா, ‘பாலத்தைப் பத்தின தகவல் காலையில வந்தது, இப்ப மாறியிருக்கலாம்னு கடைசி வரியில எழுதியிருக்கேன்’னு காட்டுது. உண்மைதான், எழுதியிருக்கு. ஜெனோவாவைக் கேட்டா, ‘அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அழுத்திட்டேன் சார்’னு அழுதா. டிரைவரைக் கேட்டா, ‘நீங்க எல்லாம் பாத்து அனுப்புனதுதானே’ங்கான்.”

“உங்க மனசு என்ன சொல்லுது?”

“ஜெனோவாதான். கண்ணு முன்னால இருந்ததைப் படிக்கலையேம்மா. நாளைக்கு அவளை வேலையை விட்டு நிறுத்தலாம்னு இருக்கேன். ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்கா. அதான், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

கோமதி அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். “நாளைக்கு இங்க அன்னதானம்,” என்றார். “எனக்கு ஒரு ஒத்தாசை செய்யுங்க. நான் ஒவ்வொண்ணா கேக்கேன். சரியா இருந்தா சரின்னு சொல்லுங்க. இல்லைன்னா வேண்டாம்னு சொல்லுங்க.”

ஆவுடையப்பன் கையிலிருந்த கார் சாவியைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“சாம்பாருக்குப் பூசணிக்காய் போடலாமா?”

கொஞ்சம் யோசித்தார். “சரி.”

“கூட்டுக்குத் தடியங்காய்?”

“சரிம்மா.”

“பந்தியைக் கிழக்குப் பக்கம் போடலாமா?”

“சரி.”

கேள்விகள் ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. எல்லாமே நியாயமாக இருந்தன. குருவுக்குத் தெரியாததா? இடையில் ஆவுடையப்பனின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மறுபடியும் ஆஸ்பத்திரியிலிருந்துதான்.

“வாழையிலைக்கு அம்பாசமுத்திரத்துல சொல்லிரலாமா?”

“சரி.”

“மோர் தனியா வைக்கலாமா?”

“சரி, சரி.”

“இந்தச் சாவியைக் கிணத்துல போட்டுரலாமா?”

“சரி.”

தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

“அம்மா! என் கார் சாவி!”

“கேட்டுட்டுத்தானே போட்டேன்.”

ஆவுடையப்பன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். மழையில் கிணறு நிரம்பிக் கிடந்தது. கோபம் உச்சிவரை ஏறியது. குருவிடம் கோபத்தைக் காட்ட முடியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரம் பிடித்தது.

“காதுல விழலையா?” என்று கேட்டார் கோமதி.

“விழுந்துச்சு. ஆனா அதுவரைக்கும் நீங்க கேட்டதெல்லாம் சரியாவே இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அப்ப ஜெனோவா பேரு வேண்டாம். என் பேரையே எழுதிக் குடுத்துருதேன். முதலாளி நான்தானே.”

“குடுங்க. ஆஸ்பத்திரிக்கு அது போதும். நாளைக்குக் காலையில கிளம்புத வண்டிக்கு அது போதுமா?”

ஆவுடையப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு ‘வேண்டாம்’னு சொல்ல நெனச்சா என்ன செய்யணும்?”

“அதுக்குன்னு பொத்தான் கிடையாதும்மா. அழுத்தாம இருந்தா வண்டி நிக்கும்.”

“நின்னா?”

“ஆபீஸ் சுவத்துல ஒரு டிவி மாட்டியிருக்கேன். யாராலயாவது வண்டி நின்னா அவங்க பேருக்கு நேரா சிவப்பு விளக்கு வரும்.”

“அழுத்திட்டா?”

“பச்சை.”

“படிக்காம அழுத்துனா?”

ஆவுடையப்பன் தட்டிலிருந்த கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுவும் பச்சைதான்,” என்றார் கடைசியில்.

கோமதி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆவுடையப்பன் பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஆஸ்பத்திரிக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். சுவரிலிருந்த டிவியைக் கழற்றச் சொன்னார். ‘சரி’க்குப் பக்கத்தில் அதே அளவில் ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார். ஏஜென்ட் தனக்கு உறுதியாகத் தெரியாத விஷயத்தை முதல் வரியில் எழுத வேண்டும், அப்படிப்பட்ட பயணங்களை மட்டும் ஜெனோவாவிடம் கொண்டுபோக வேண்டும் என்று அதற்குச் சொல்லப்பட்டது. அது உடனே அப்படிச் செய்யத் தொடங்கியது. அதுவரை அதனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

சில வாரங்கள் கழித்துக் கோமதிக்குப் போன் செய்தார்.

“அம்மா, இன்னிக்கு ஜெனோவா ஒரு வண்டியை நிறுத்திட்டா.”

“எதுக்கு?”

“ரோட்டுல மரம் விழுந்திருக்கலாம், உறுதியாத் தெரியலைன்னு ஏஜென்ட் எழுதியிருந்துச்சு. இவளுக்கும் மனசு ஒப்பலை. ஆள் விட்டுப் பாத்தா ரோடு சுத்தமா இருக்கு. வண்டி வீணாத் தாமதம். ஆஸ்பத்திரிக்காரங்க என்னை நல்லா ஏசிட்டாங்க.”

“அவ என்ன செஞ்சா?”

“எந்திரிச்சு நின்னு என் மூஞ்சியவே பாத்தா. ஆபீஸே பாத்துச்சு.”

“நீங்க?”

“ஏசணும்னு வாய் வரைக்கும் வந்துட்டுதும்மா. முழுங்கிட்டேன். ‘நீ நிறுத்துனது சரிதான், நாளைக்கும் இப்படியே பாரு’ன்னு சொல்லிட்டு என் ரூமுக்குப் போயிட்டேன்.”



“இன்னிக்குத்தான் அவ நெசமா வேலைக்குச் சேர்ந்திருக்கா,” என்றார் கோமதி.