பாத்துமுத்தின் தலைமாட்டுக் கல்

கடலோர ஊர் ஒன்றில், முஸ்லிம்களின் இடுகாடான மையவாடியில் ஒரு குட்டைக் கல் இருந்தது. அங்கே ஆளை அடக்கம் செய்த ஒவ்வொரு கபருக்கும் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல் நடுவார்கள். இது பாத்துமுத்தின் தலைமாட்டுக் கல். பஜாரில் வடை சுட்டு விற்றவள் அவள். ஹஜ்ஜுக்குப் போகணும், போகணும் என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. கல்லில் பேரும் கிடையாது. ஆனாலும் அது நின்ற நிமிர்வு இருக்கிறதே, ராஜா கெட்டான்.

பக்கத்தில், ஹஜ்ஜுக்குப் போய்வந்து ஹாஜி ஆன செய்யது நெய்னாவின் பளிங்குக் கல். மேலே பொன் எழுத்து.

"என்னைப் படிக்க நாலு பேர் வர்றாங்க. உன்கிட்ட படிக்க என்ன இருக்கு?" என்று அது சீண்டும்.

"எனக்குக் கீழே ஒரு மனுஷி இருக்கா. அது போதாதா?" என்னும் குட்டைக் கல்.

ஊரே ஒரு கல்யாண வீட்டில் இருந்த நாளில், சில பேர் கடப்பாரையோடு மையவாடிக்குள் புகுந்தார்கள். தலைமாட்டுக் கற்களைப் பிடுங்கி பஜார் சாக்கடையில் வீசினார்கள். பளிங்கு மூன்று துண்டாய்ப் போனது. ஆழமாய்ப் புதைந்திருந்த கால்மாட்டுக் கற்கள் மட்டும் மிஞ்சின.

"என் பேரு போச்சே" என்று அழுதது பளிங்கு.

"உன்னைத் தேடி வாரிசு வருவான். பாத்துமுத்துக்கு யாரு இருக்கா?" என்றது குட்டைக் கல். "தலைமாடு காலியாக் கிடந்தா, நாளைக்கு எவனாவது அங்க ஆட்டைக் கட்டுவான். ஒருத்தி இருந்தாங்கிறதே இல்லாமப் போயிடும்."

சேதி கேட்டு ஜனம் ஓடி வந்தது. "எதுக்கு வம்பு? குப்பை வண்டியில அள்ளிப்போட்டு, பின்தெரு வழியாக் கொண்டுபோயிடுவோம்" என்றார் ஒருவர்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம ஆளுங்க யாரும் பின்தெரு வழியாப் போகல. சந்தூக்கைக் கொண்டாங்க" என்றார்.

இறந்தவரின் உடலான மையத்தைச் சுமந்துபோகும் பெட்டிதான் சந்தூக்கு. பள்ளிவாசலிலிருந்து வந்து சேர்ந்ததும், கழுவி வைத்த கற்களைப் பார்த்து அது சொன்னது: "ஏறுங்க. பளிங்கா, குட்டையான்னு பார்த்து நான் யாரையும் ஏத்துனதில்ல."

பட்டப்பகலில், நடுபஜார் வழியே சந்தூக்கு போனது. மையத்தைச் சுமப்பதுபோலவே, கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் தோள் மாறியது. யாரும் தலை குனியவில்லை. கடைக்காரர்கள் வழக்கம்போலப் பாதிக் கதவை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள். கடப்பாரை பிடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ நின்றிருப்பார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தது குட்டைக் கல்.

மையவாடியில் இறக்கியபோதுதான் சிக்கல். ஹாஜியாரின் மகன் கலீல் குட்டைக் கல்லைத் தூக்கி, "இது யாரோடது மாமா?" என்று கேட்டான்.

மோதினார் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப எங்க வாப்பா தலைமாட்டுல நிக்கட்டும். இந்தப் பளிங்குத் துண்டு மூணையும் ஆளில்லாத கபருங்களுக்கு வச்சிருவோம்."

"ஐயோ, நான் பாத்துமுத்தோட கல்லு!" என்று கத்தியது குட்டைக் கல். மனுஷக் காதில் அது விழுமா? ஹாஜியார் தலைமாட்டில் அதை நட்டுவிட்டார்கள்.

எல்லாரும் வரிசையாக நின்று சலாம் சொன்னார்கள். மையவாடிக்குச் சொல்லும் அந்தச் சலாமில் யார் பேரும் வராது. மண்ணுக்குள் இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சலாம்தான். தன் காலடியில் ஹாஜியாருக்கும் அது போய்ச் சேர்ந்ததைக் குட்டைக் கல் உணர்ந்தது. இவரும் நம்ம ஆளுதான் என்று நிமிர்ந்துகொண்டது.

அப்புறம் மெல்லப் பக்கத்தில் பார்த்தது. பாத்துமுத்தின் தலைமாட்டில் பளிங்கின் முதல் துண்டு நின்றது. அதில் 'ஹாஜி' என்பது மட்டும் உடையாமல் இருந்தது.

"பாத்துமுத்து," என்றது குட்டைக் கல், "ஒருவழியா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்துட்டியே!"