வாயடைத்த வெள்ளோட்டம்

மாயவரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அந்த மடம் இருந்தது. மடம் என்பது ஊர் வைத்த பெயர். உள்ளே சாமி படமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. சில கணினிகளும் கிரீச்சிடும் ஒரு மின்விசிறியும்தான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி இயங்குதளத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவதும், அதன் புதிய பதிப்பை வெளியாகும் முன்பே போட்டுப் பார்த்துக் குறை சொல்வதும் அங்கே கூடுகிறவர்களின் வேலை. சம்பளம் கிடையாது. வசவு உண்டு.

தலைமை தையல்நாயகி. வயது முப்பதுகூட ஆகவில்லை. கேலியாகத்தான் 'குருவம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், வேலை கொடுப்பாள். அதனால் அங்கே யாரும் சும்மா கேள்வி கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானப்பிரகாசம் கேட்டார். அவளுக்கு அப்பா வயது அவருக்கு. பார்வையற்றோர் பள்ளியில் தமிழாசிரியர். அவருக்கும் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும், அதைக் கேட்டுக் கேட்டு வேலை செய்வார்.

"குருவம்மா, குறை சொல்றவன் எப்ப வாயை மூடிக்கணும்?"

"என்ன ஆச்சு சார்?"

"புது வெள்ளோட்டப் பதிப்பைப் போட்டேன். பேரு கேட்கிற பக்கம் வரைக்கும் நல்லாத்தான் பேசுது. கடவுச்சொல் வைக்கிற பக்கம் வந்ததும் வாயடைச்சுப் போகுது. அதைத் தயாரிக்கிறவங்களுக்கு எழுதி அனுப்பினேன். 'எங்கள் கணினியில் சரியாக இருக்கிறது'ன்னு சொல்லிப் புகாரை மூடிட்டாங்க. மறுபடி எழுதினேன். மறுபடி மூடிட்டாங்க."

அவர் குரலில் கோபம் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் இந்தப் பதிப்பைத்தான் எல்லாக் கணினியிலும் போடப்போகிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதில் தங்கள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும்.

"அதுக்கென்ன சார், யாராவது பக்கத்துல உட்கார்ந்து போட்டுக் கொடுத்தா முடிஞ்சுது" என்றான் செங்குட்டுவன். சென்னையில் மென்பொருள் வேலை, லீவு நாளில் மடம். அதே பக்கத்தைச் சோதித்து 'சரி' என்று எழுதி அனுப்பியவன் அவன்தான்.

"அப்ப பிள்ளைங்க கடவுச்சொல்லை அவங்க காதுல சொல்லணும்" என்றார் ஞானப்பிரகாசம். " அதுக்கப்புறம் அது கடவுச்சொல்லா, ஊர்ச்சொல்லா?"

"இது வெள்ளோட்டம்தானே சார். முடிவான பதிப்புல தானா சரியாயிடும்."

குருவம்மா அவன் பக்கம் திரும்பினாள். "தேர் வெள்ளோட்டத்துல மேல சாமி இருக்குமா?"

"இருக்காது."

"அப்புறம் எதுக்கு நாலு வீதியும் இழுக்கிறாங்க?"

"எங்க இடிக்குது, எங்க நிக்குதுன்னு பார்க்க."

"நீ எத்தனை வீதி இழுத்தே?"

"எல்லாப் பக்கத்தையும் பார்த்தேன் குருவம்மா."

"பார்த்தே" என்றாள். எழுந்து போய் அவனுடைய திரையை மட்டும் அணைத்தாள். "இப்பப் பதிப்பைப் போடு."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கணினி தமிழில் குரல் கொடுத்து வரவேற்றது. மொழி கேட்டது, ஊர் கேட்டது, பெயர் கேட்டது. அவன் விசைகளைத் தட்டிப் பதில் கொடுத்துக்கொண்டே போனான். பிறகு சத்தம் நின்றது.

அவன் ஒரு விசையைத் தட்டினான். இன்னொன்றைத் தட்டினான்.

"ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"தெரியலையே தம்பி" என்றார் ஞானப்பிரகாசம். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பழைய பதிப்புல எழுத்துக்கு எழுத்து 'புள்ளி'ன்னு சொல்லும். இதுல நீ தட்டினது விழுந்துச்சா இல்லையான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதான் கடவுச்சொல்லுன்னு பேரு வெச்சான் போல."

செங்குட்டுவனின் கை திரையின் பொத்தானுக்குப் போனது. குருவம்மா அந்தக் கையை எடுத்துப் பழையபடி விசைப்பலகையில் வைத்தாள்.

அவன் நெடுநேரம் போராடினான். வேர்த்தது. முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போயிருந்தது. கடைசியில், "முடியல" என்றான்.

அவனை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்தாள். அவளுக்கும் முடியவில்லை. அன்றைக்கு வந்திருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்தாள். ஒருவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. டீ ஆறிக் கிடந்தது.

"எழுது" என்றாள்.

செங்குட்டுவன் திரையைப் போட்டுக்கொண்டு எழுதினான்: 'பார்வையற்றவர்களுக்குச் சற்றுச் சிரமமாக இருக்கிறது.'

"அழி."

அழித்தான்.

"உனக்கு என்ன ஆச்சோ அதை எழுது."

அவன் யோசித்து, 'திரையை அணைத்துவிட்டுப் போட்டேன். நிறுவ முடியவில்லை' என்று எழுதித் தன் பெயரைப் போட்டான். முன்பு அனுப்பிய 'சரி'யைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினான். மற்றவர்களும் அவரவர் பெயரில் அதையே எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு பதில் வந்திருந்தது. இந்த முறை மூடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார்கள்: 'வெளியீட்டுக்கு அவகாசம் குறைவு. இது எத்தனை பேரைப் பாதிக்கும்?'

ஞானப்பிரகாசம் அதைக் கணினி படிக்கக் கேட்டார். திரும்பவும் படிக்க வைத்துக் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"எங்க பிள்ளைங்களை எண்ணிச் சொன்னா ரொம்பக் கம்மி. கம்மின்னு தெரிஞ்சா ஓரமா தூக்கி வெச்சிடுவாங்க. அப்புறம் ஜூன் வந்துடும். நான் என்னன்னு எழுத குருவம்மா?"

"நாடு முழுக்க எத்தனை பேர்னு தேடிச் சொல்றேன் சார், பெரிய கணக்கா வரும்" என்று பரபரத்தான் செங்குட்டுவன்.

குருவம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஞானப்பிரகாசத்தின் நாற்காலியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நீங்களே எழுதுங்க சார். திரையை அணைக்கிற அத்தனை பேரையும் பாதிக்கும்னு."