வறுத்த ராடு

ஐப்பசி மழையில் கடலைக்காரி செண்பகவல்லியின் தள்ளுவண்டிச் சட்டம் முறிந்தது. பட்டறைக்காரர் இருதயராஜ் வைத்த வெல்டிங்கோ ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது.

“இரும்பு சொத்தை! இதை ஓட்டையில்லாம எவன் பத்தவச்சாலும், உன் வண்டியை நானே தள்ளிட்டுப் போயி கடலை விக்கிறேன்” என்று மீசையை முறுக்கினார்.

செண்பகவல்லி ஈரத்தரையில் கிடந்த வெல்டிங் ராடுகளைப் பார்த்தாள்.

“உங்களை மிஞ்ச ஆளு ஏது அண்ணாச்சி? நீங்களே இன்னொருக்கா வைங்க. ராடை மட்டும் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க.”

கடலை வறுக்கும் சுடுமணலில் அவற்றைப் புதைத்து, ஈரம் போனதும் எடுத்துக் கொடுத்தாள்.

இருதயராஜ் பற்றவைத்தார். சுத்தியலால் கசடைத் தட்டிப் பார்த்தார். ஒரு ஓட்டைகூட இல்லை.

“கடலை மாதிரித்தான் அண்ணாச்சி, நமத்துப்போனா ராடும் உதவாது.”

அன்று சாயங்காலம் பஜாரே வேடிக்கை பார்த்தது. வண்டியைத் தள்ளி வந்த இருதயராஜ், “கடலை... கடலை...” என்று முனகினார்.

“இன்னும் சத்தமா, அண்ணாச்சி!” என்றாள் பின்னால் வந்த செண்பகவல்லி. “இரும்பைத் திட்டினப்ப தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே!”