லவுஞ்சுக்குள் போன முருங்கைக்காய்

சென்னை விமான நிலையத்தின் லவுஞ்ச் வாசலில் கட்டட அதிபர் தெய்வநாயகம் கத்திக்கொண்டிருந்தார். போன வருஷம் பறந்தது போதவில்லை என்று லவுஞ்சுக்குள் விடும் அவருடைய கோல்டு கார்டை விமானக் கம்பெனி ரத்து செய்துவிட்டது.

"என்னைவிட அதிகமா பறந்தவன் இங்க எவனாவது இருந்தா காட்டும்மா! அவன் பையை நானே தூக்குறேன்!"

புதிதாகச் சேர்ந்த வரவேற்புப் பெண் கம்ப்யூட்டரை மறுபடியும் தட்டிப் பார்த்தாள்.

அதைக் கேட்டுக்கொண்டே வந்தார் மீரான். மண்ணடிக் கடைகளுக்காக வாராவாரம் சிங்கப்பூர் போய்ச் சாமான் கொண்டுவரும் குருவி. காலில் ரப்பர் செருப்பு, தோளில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை.

"யோவ், இது உன் வரிசை இல்ல!" என்றார் அதிபர்.

மீரான் கார்டை நீட்டினார். பார்த்ததும் அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"பிளாட்டினம்! இதை நான் படத்துலதான் சார் பார்த்திருக்கேன்!"

வரிசை மொத்தமும் வாயைப் பிளந்தது.

"கூட ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டுப் போகலாமில்ல?" என்று கேட்டார் மீரான்.

"தாராளமா சார். யாரு?"

மீரான் அதிபரைக் காட்டினார். அதிபருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு மீரான் கைவீசி உள்ளே நடந்தார்.

"சார், உங்க பை?"

"அவர் தூக்கிட்டு வருவாரும்மா. சொன்ன சொல் தவறாத மனுஷன்."