அடைக்கும் நாள்

கணவாய்க்குக் கீழே ஒரு சத்திரம் இருந்தது. பனி விலகி முதல் வணிகர் கூட்டம் மலையைத் தாண்டி வரும்போது, ஆளுக்கொரு குவளை பார்லி பீர் கொடுத்து உட்கார வைப்பது அங்கே வழக்கம். சத்திரம் மருதியம்மையின் பொறுப்பில் இருந்தது. பீர் காய்ச்சப் படிக்கவென்று அவரிடம் வந்தவர்கள் உண்டு. வேறு எதையோ தேடி வந்து, பீர் காய்ச்சிக்கொண்டு தங்கிவிட்டவர்களும் உண்டு.

சேந்தன் தேடி வந்தவன். ஊரில் துணிக்கடை வைத்திருந்தான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறியவன், இங்கேயே நரைத்துப்போனான். மருதியம்மைக்கு அடுத்தபடி தான்தான் என்று நினைத்திருந்தான். அப்படி யாரும் அவனிடம் சொன்னதில்லை.

ஓரி போன மழைக்காலத்தில் வந்தான். கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவன். உரக்கச் சிரிப்பான், தெரியாததைத் தெரியாது என்பான். அவன் எதையாவது சொன்னால் மருதியம்மையும் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதே சேந்தனுக்கு அதுவரை தெரியாது.

அந்த வருடம் மருதியம்மை இருவருக்கும் ஒரே பார்லியை அளந்து கொடுத்தார்.

"ஆளுக்கு ஒரு ஜாடி. வருகிறவர்களுக்கு இரண்டையும் ஊற்றுவோம்."

சேந்தன் தன் ஜாடியை எடுத்து வந்தான். மருதியம்மை உள்ளே போய்த் தன்னுடைய கறுப்பு ஜாடியைத் தூக்கி வந்து ஓரியின் முன் வைத்தார்.

அந்த ஜாடியை வருடக்கணக்காகக் கழுவிக் கவிழ்த்தவன் சேந்தன். ஒரு முறைகூட அவன் அதில் காய்ச்சியதில்லை.

காய்ச்சி, ஆறவிட்டு, பொங்குவதற்காகப் பழைய பீரின் அடி வண்டலைக் கலந்து, வாயில் துணி கட்டி வைத்தார்கள். இரண்டு ஜாடிகளும் பொங்கின. சேந்தனுடையது முதலில் அடங்கியது. ஓரியின் ஜாடியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

சேந்தன் தன்னுடையதைப் பாட்டிலில் அடைக்கவில்லை. தான் முதலில் அடைத்தால் தன்னுடையதுதான் முதலில் திறக்கப்படும், கடைசியில் குடித்ததுதான் எல்லார் நாக்கிலும் நிற்கும் என்று கணக்குப் போட்டான். மருதியம்மையிடம் போனான்.

"அம்மா, பொங்கி முடிந்த பீரை அடைக்காமல் எவ்வளவு காலம் ஜாடியிலேயே விடலாம்?"

மருதியம்மை முறத்தில் பார்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருடைய ஜாடியைக் கேட்கிறாய்?"

"என்னுடையதைத்தான்."

"இன்று அதன் வாசனை எப்படி?"

சேந்தன் யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

"ஓரியுடையது?"

"காலையில் பழவாசனை வந்தது. நேற்றைவிடக் குமிழி சிறுத்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நுரை..." அவன் நிறுத்திக்கொண்டான்.

மருதியம்மை மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

அவமானம் அவனை அடக்கவில்லை. இன்னும் எரிய வைத்தது. மறுநாள் ஓரி துணியை விலக்கிக்கொண்டு கூப்பிட்டான்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கள். அடங்கிவிட்டதா? அடைக்கலாமா?"

சேந்தன் குனிந்து பார்த்தான். அடியிலிருந்து ஊசிமுனைபோலக் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. அடங்கவில்லை.

"அடங்கிவிட்டது. அடைத்துவிடு."

"நிச்சயமாகவா?"

"எத்தனை வருடமாகக் காய்ச்சுகிறேன்?"

ஓரி சந்தோஷமாகப் பாட்டில்களில் ஊற்றினான். தக்கையைத் தட்டி இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டினான். பீர் கெட்டுப்போகும், அம்மா முகம் சுளிப்பார், அவ்வளவுதான் என்று சேந்தன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அடங்காததை அடைத்தால் பாட்டில் வெடிக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த நினைப்பின் பக்கமே அவன் போகவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் சமையலறைக்கு விறகு கொண்டுபோனான். கதகதப்பாக இருக்கட்டும் என்று ஓரி பாட்டில்களை அடுப்புக்குப் பின்னால் பலகையில் அடுக்கியிருந்தான். அதே இடத்தில், முழங்கால் வலிக்கு இதமாக, பலகையில் முதுகைச் சாய்த்து மருதியம்மை உட்கார்ந்திருந்தார். மடியில் பருப்புத் தட்டு. கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்குப் பின்னால் ஒரு தக்கை நூலை முட்டிக்கொண்டு மேலே வந்திருந்தது.

சேந்தன் கையிலிருந்த விறகு விழுந்தது.

"அம்மா, எழுந்திருங்கள்!"

"ஏன்?"

"பாட்டில்... அந்தப் பக்கம் வேண்டாம். எழுந்திருங்கள்!"

"ஓரி நன்றாகத்தானே கட்டியிருக்கிறான்?"

"அவன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். அது அடங்கவில்லை அம்மா. அடங்கிவிட்டது என்று நான் சொன்னேன்."

மருதியம்மை அவனைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல்பக்கம் நகர்ந்தார்.

சேந்தன் ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பாட்டில்கள்மேல் போர்த்தினான். சாக்குக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக நூலை அறுத்தான். நுரை சீறிக்கொண்டு சுவரில் அடித்தது. சத்தம் கேட்டு ஓரி ஓடி வந்தான்.

"அண்ணே! என்ன செய்கிறீர்கள்? என் பீர்!"

"கிட்டே வராதே."

அடுத்த பாட்டில் சேந்தன் கையிலேயே வெடித்தது. உள்ளங்கை கிழிந்தது. அந்தக் கையோடு மிச்சமிருந்தவற்றையும் திறந்து முடித்தான். தரையெல்லாம் நுரை. அதில் ரத்தம்.

ஓரிக்கு மெதுவாகப் புரிந்தது.

"தெரிந்தேதான் சொன்னீர்களா?"

"தெரிந்தேதான்."

ஓரி பாட்டில்களில் தங்கியதைத் திரும்ப ஜாடியில் ஊற்றினான். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மருதியம்மை சேந்தனின் கையைக் கழுவி, கண்ணாடிச் சில்லுகளை எடுத்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கேட்டான்.

"உங்கள் ஜாடியை ஏன் அவனுக்குக் கொடுத்தீர்கள்?"

"அவனிடம் ஜாடி இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கையை ஆட்டாதே."

மருதியம்மை கட்டுப் போட்டு முடித்தார். சேந்தனின் ஜாடியிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்தார்.

"நல்ல பீர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வண்டலின் கசப்பு ஏறியிருக்கும். இன்றைக்கே அடை."

ஒற்றைக் கையால் சேந்தன் அடைத்தான். ஓரியின் பீர் காற்றுப்பட்டுப் புளித்துப்போனது. அதைத் தவிட்டில் கலந்து கழுதைகளுக்கு வைத்தார்கள்.

வணிகர்கள் வந்தார்கள். சேந்தனின் பீர் மட்டும்தான் இருந்தது. மூத்த வணிகர் ஒருவர் குவளையைக் காலி செய்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"பிரமாதம்! யார் காய்ச்சியது?"

"இவர்" என்றான் ஓரி. குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். சேந்தன் பக்கம் திரும்பவில்லை.

ஒரு காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்காக எதையும் கொடுத்திருப்பான் சேந்தன். இப்போது அது எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. அவன் கண் ஓரி போன வழியிலேயே இருந்தது.

வணிகர்கள் கிளம்பியபின் மருதியம்மையிடம் வந்தான்.

"ஓரியிடம் மன்னிப்புக் கேட்டேன் அம்மா. மூன்று தடவை. முகம் கொடுக்கவில்லை. சரி, விடுங்கள் என்றாவது ஒரு வார்த்தை சொன்னால் இதோடு முடிந்துவிடும்."

"யாருக்கு முடியும்?"

சேந்தன் கழுவிய குவளைகளை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"அவன் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறான், சேந்தா. உன் அவசரத்துக்கு அடைக்கப் பார்க்காதே."

"எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"அது அவனுக்கே தெரியாது."

"அதுவரை நான் என்ன செய்வது?"

மருதியம்மை குவளைகளைக் கவிழ்த்து வைத்தார்.

"பக்கத்திலேயே இரு. துணியை விலக்கி விலக்கிப் பார்க்காதே."