அழுத பேய்முகம்

கடல் தாண்டி, இன்னொரு கடலும் தாண்டி, சூரியன் முதலில் எட்டிப் பார்க்கிற ஜப்பான் தேசத்திலே தகெமிட்சு என்று ஒரு சிற்றரசன் இருந்தான். யார் அழுதாலும் சிரிப்பான். அதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. நல்ல மனுஷன், போங்கள்!

அவன் நாட்டில் கினு என்று ஒருத்தி, நாடகக்காரர்களுக்கு மரத்தில் முகமூடி செதுக்கிப் பிழைத்தாள். அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி, ஜின்பெய். "வீட்டுக்கு இருக்கிற ஒரே பிள்ளையையும் போருக்குப் பிடித்துப் போவது அநியாயம்" என்று அவன் அரசன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். சும்மா விடுவார்களா? சிறையில் தள்ளி, தலையை வெட்ட நாளும் குறித்துவிட்டார்கள்.

கினு ஓடினாள். காலில் விழுந்தாள். கதறினாள். அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் சிரிப்பை நிறுத்துகிற ஒரு முகத்தைச் செதுக்கிக் கொண்டு வா, தம்பியை விடுகிறேன். மூன்று நாள் தவணை" என்றான். அதோடு விட்டானா? அரண்மனைச் சிற்பிகள் இருவரையும் போட்டிக்கு இழுத்துவிட்டான். அவர்கள் முந்திக்கொண்டால் தம்பி கதை முடிந்தது.

மூன்றாம் நாள் காலை சபை கூடியது. முதல் சிற்பி கோரைப்பல் பூதத்தைக் கொண்டுவந்தான். அரசன் சிரித்தான். இரண்டாமவன் மூக்கு நீண்ட சிவப்பு மலைப்பூதத்தைக் கொண்டுவந்தான். அரசன் இன்னும் சிரித்தான். கினு தட்டில் வைத்தது கொம்பு முளைத்த பெண்பேய். ஹன்யா என்பார்கள், துக்கத்தில் நெஞ்சு வெந்து பேயானவள் என்று அந்த ஊரில் கதை உண்டு. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுவும் பல்லைத்தானே காட்டுகிறது?"

கினு முகமூடியைக் கையில் எடுத்தாள். "முகமூடி தட்டில் வைத்துப் பார்க்கிற பண்டம் இல்லை, பிரபு. மாட்டினால்தான் அதற்கு உயிர்."

மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள், பேய் சீறியது. பக்கவாட்டில் திரும்பினாள், பேய் முறைத்தது. பிறகு மெல்ல, மிக மெல்லத் தலை குனிந்தாள். புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்தது. அதே கொம்பு, அதே பல். ஆனால் இப்போது அந்த முகம் அழுதது.

அரசன் சிரிக்க வாயைத் திறந்தான், வரவில்லை. மறுபடி முயன்றான், வரவில்லை. மூன்றாம் முறை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இவள் ஏன் அழுகிறாள்?"

"பேயாவதற்கு முன்னே இவளும் அழுதுதான் பார்த்தாள், பிரபு. கேட்டவர்கள் சிரித்தார்கள்."

அன்று மத்தியானமே சிறைக்கதவு திறந்தது. ஜின்பெய் மட்டுமா வந்தான்? படையில் இருந்த ஒற்றைப் பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். தெருவெல்லாம் மேளம் கொட்டி, கினுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளோ, முகமூடியில் கீறல் விழப்போகிறது என்று கத்திக்கொண்டே போனாள்.

ஆகவே பெரியோரே, சிறியோரே, அடுத்தவர் கோபத்துக்கு அடியில் இருக்கிற துக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவனே ஆளத் தகுந்தவன்.